கழுதைக்குக் கயிறெறிந்த பல் வைத்தியர்

இத்தாலியின் பலெர்மோவில் வசதியானவர்கள் குடியிருக்கும் லிபெர்த்தா பகுதியில் தொத்தோர் விர்ஸி, அதாவது டொக்டர் விர்ஸி, பெயர்பெற்ற பல் வைத்தியர். ஐம்பத்திரண்டு வயதுவரை அவரிடம் எந்தப் பைத்தியமும் இருக்கவில்லை. 1995இல் பல் வைத்தியர்களின் மாநாடு ஒன்றுக்கு டெக்சஸ் போனார். அங்கே யாரோ அவரை ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போய், ஓடும் கன்றைக் குதிரையில் துரத்திக் கயிறு வீசிப் பிடிப்பதைக் காட்டிவிட்டார்கள். அத்தோடு ஆள் முடிந்தார். அகன்ற தொப்பி, கூர்மூக்குச் சப்பாத்து, முப்பது அடிக் கயிறு எல்லாவற்றோடும் வந்து இறங்கியவர், அடுத்த நாளே வரவேற்பறையில் நின்று கதிரைகளுக்குச் சுருக்கு எறியத் தொடங்கினார். இரண்டு பூச்சாடிகளும் மாமியார் கொடுத்த விளக்கும் உடைந்த பிறகு, கயிறு இருக்கும் வீட்டில் தான் இருக்கமாட்டேன் என்று அவருடைய மனைவி சிஞோரா சொல்லிவிட்டார்.

உடைந்ததையெல்லாம் கூட்டி அள்ளியவள் அற்புதமலர். மன்னார்க்காரி. அந்த வீட்டில் ஐந்து வருடமாக வேலை. முதல் நாளே தொத்தோர் அவளுடைய பெயருக்கு அர்த்தம் கேட்டார். அவள் தெரிந்த இத்தாலியனில் முதல் பாதியை மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அவளை ‘மிராக்கொலோ’ என்றுதான் கூப்பிடுவார். அற்புதமே, கோப்பி கொண்டு வா. அற்புதமே, என் காலுறை எங்கே?

தொத்தோர் ஒரு குதிரையும் வாங்கினார். பலெர்மோவுக்கு மேலே, அல்தோஃபோன்தே மலைச்சரிவில் அவருடைய அப்பாவின் ஒலிவ் தோட்டம் கிடந்தது. குதிரையை அங்கே கட்டினார். பார்க்க ஆள் வேண்டும். அற்புதமலர் தன் புருஷன் றோபேட்டைச் சொன்னாள்.

றோபேட் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவன். பலெர்மோவுக்கு வந்து ஒன்றரை வருடம். பெர்மெஸ்ஸோ, அதாவது இருப்பதற்கான அனுமதி, அவனிடம் இல்லை. சுறாவைக் கண்டு பயப்படாதவன் குதிரையைக் கண்டு நடுங்கினான். ஆனால் வேறு வேலை இருக்கவில்லை. லாயத்துக்குப் பக்கத்து அறையில் படுத்து, குதிரைக்கு ஒரு பாகம், ஆறடி, தள்ளி நின்று தடியால் புல்லைத் தள்ளிவிட்டுக் காலத்தை ஓட்டினான். அற்புதமலர் நகரத்துக்குள் அல்பெர்கேரியாவில் வாடகை அறையில் இருந்தாள். வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஓய்வு. பஸ் பிடித்து மேலே போவாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. பேப்பர் இல்லாதவர்களுக்கு வேலை இருந்து, முதலாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பெர்மெஸ்ஸோ கிடைக்குமாம். மார்ச் முடிவதற்குள் கொடுக்கவேண்டும். அற்புதமலர் படிவத்தை எடுத்து, ஆளைப் பிடித்து நிரப்பி, தொத்தோரின் முன்னால் வைத்தாள்.

“தொமானி, மிராக்கொலோ” என்றார் அவர். நாளைக்கு.

கெட்ட மனுசர் இல்லை. பல்லைப் பிடுங்குவதைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளுகிறவர், அவ்வளவுதான். ஒருநாள் பேனை இல்லை. ஒருநாள் கண்ணாடி இல்லை. ஒருநாள் படிவமே அவருடைய பெரிய மேசையில் தொலைந்து, இன்னொன்று நிரப்பவேண்டி வந்தது.

அதே நேரம் தொத்தோருக்கும் ஒரு கஷ்டம். குதிரை வந்துவிட்டது, கயிறு இருக்கிறது, பிடிக்கக் கன்று இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் கேட்டார். ஓடவிட்டுக் கன்றின் இறைச்சியை வற்ற வைக்கவா என்று அவன் நாயை அவிழ்த்துவிட்டான். டெக்சஸுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்த நண்பர் சிரித்துவிட்டு, கழுதை வாங்கு என்றார். கழுதை கன்றைப்போலப் பறக்காது, நேராக ஓடும். வேலை பழகாத குதிரைக்கு அதுதான் நல்லது. பின்னால் எவ்வளவு தூரம் விட்டு ஓடுவது, கயிறு விழுந்ததும் எப்படிச் சட்டென்று நிற்பது என்று அவசரமில்லாமல் பழகும். கன்று நாலு மாதத்தில் மாடாகிவிடும், கழுதை கழுதையாகவே இருக்கும். இவ்வளவும் சொன்னவர், கழுதையை எப்படி ஓடவைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

இப்படித்தான் பெப்பினோ வந்தது. சாம்பல் நிறம், முதுகில் சிலுவைபோலக் கறுப்புக் கோடு, உலகத்தில் எதையும் மதிக்காத முகம்.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை அற்புதமலர் தோட்டத்துக்குப் போனபோது, றோபேட் பெப்பினோவை முன்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். தொப்பி போட்ட தொத்தோர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். கழுதை நட்டுவைத்த கல்லுப்போல நின்றது. அவள் கல் மதிலில் இருந்து வயிறு நோகச் சிரித்தாள்.

“சிரிக்காதை மலர்” என்றான் றோபேட். “மூண்டு நாளா இதுதான் வேலை. அடிச்சும் பாத்தாச்சு.”

“கழுதை அடிக்கு ஓடாதப்பா. ஆசைக்குத்தான் ஓடும்.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“நான் மன்னாரெல்லே” என்றாள் அவள்.

மன்னார்ப் பட்டினத்தில் சந்தைக்குள்ளும் பஸ் நிலையத்திலும் கழுதைகள் தங்கள் பாட்டில் திரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளுடைய கொப்பியைத் தின்ற கழுதைகூட உண்டு. அதைச் சொல்லி யாழ்ப்பாணத்துச் சனம் அவளைப் பகிடி பண்ணாத நாளில்லை. இப்போது முதல் தடவையாக அது உபயோகப்பட்டது.

பல்லாரோ சந்தை அவளுடைய அறைக்குக் கீழேதான். மாரிகாலத்தில் அங்கே கார்ச்சோஃபியை மலைமலையாகக் குவித்து விற்பார்கள், தாமரை மொட்டுப்போலச் செதில் செதிலான பச்சைக் காய். வெளியிதழ்களையும் தண்டையும் வெட்டி நிலத்தில் போட்டுவிடுவார்கள். அற்புதமலர் அதை ஒரு பெரிய பையில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். ஓட்டப் பாதையின் கடைசியில் கூடையை வைத்தாள். பெப்பினோ முதல் நாள் நடந்தது. பிறகு அரைகுறையாகத் துள்ளியது. பத்து நாளில் படலையைத் திறந்ததும் காதை மடித்துக்கொண்டு கடைசிவரை ஒரே ஓட்டம்.

இதழைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி “ச்சொக், ச்சொக்” என்பாள். அதைக் கேட்டதும் பெப்பினோ நின்று தலையை நிலத்துக்குக் குனிந்து தேடும். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

கயிற்றின் மற்ற முனையைக் குதிரைச் சேணத்தில் ஒரு மெல்லிய நூலால்தான் கட்டியிருந்தார்கள். சுருக்கு கழுத்தில் விழுந்து இறுகினால் நூல் அறுந்துவிடும், கழுதைக்கு நோகாது. குதிரை ஒரு மாதத்தில் வேலையைப் படித்துவிட்டது. பெப்பினோவும் படித்துவிட்டது. தொத்தோர் மட்டும் பத்துக்கு இரண்டு தடவை பிடித்தார். அதுவும் காற்று உதவினால்தான்.

பெப்ரவரி நடுவில் ஒரு வியாழன். தொத்தோர் குதிரையில் ஏறியிருந்தார். அற்புதமலர் படிவத்தைக் காட்டினாள். அவர் தொப்பியைத் தொட்டு, “தொமானி” என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறக்கச் சொன்னார். பெப்பினோ ஓடியது. குதிரை பின்னால். கயிறு தலைக்குமேல் சுழன்றது. மதிலில் இருந்தவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. தன்னையறியாமல் ‘ச்சொக்’ கொட்டினாள்.

பெப்பினோ அந்த இடத்திலேயே நின்று தலையைக் குனிந்தது. சுருக்கு அதன் முதுகுக்கு மேலால் போய் ஒலிவ் மரத்தில் விழுந்தது. குதிரை கழுதையைத் தாண்டிப் போய்ச் சறுக்கி நின்றது. தொத்தோர் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்.

அற்புதமலருக்கு ஒரு நிமிடம் பயம். அடுத்த நிமிடம் வேறொன்று தோன்றியது. இரண்டாம் தடவை வேண்டுமென்றே கொட்டினாள். மூன்றாம் தடவையும்.

தொத்தோர் வியர்த்து வடிய மதிலருகே வந்தார். “இதற்கு என்ன வந்தது, மிராக்கொலோ? நேற்று நன்றாக ஓடியதே?”

அவள் முகத்தைக் கோயிலில் வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டாள். “எங்கள் ஊரில் சொல்வார்கள், தொத்தோர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனுக்குத்தான் கழுதை கழுத்தைக் கொடுக்குமாம். பொய்க்காரனுக்குத் தலையைக் குனிந்துவிடுமாம்.”

அவர் பெரிதாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்று இரண்டு நோயாளிகள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தார். யாரும் கேட்காதபோதே, “இன்று காலை நான் பூசைக்குப் போனேன்” என்று காற்றுக்குச் சொல்லிவிட்டுக் கயிறு வீசினார். அவர் பூசைக்குப் போகவில்லை என்பது சிஞோரா சற்று முன்னர் அவருடைய கைத்தொலைபேசியில் கத்தியதிலிருந்து அற்புதமலருக்குத் தெரியும். ச்சொக். பெப்பினோ குனிந்தது. பிறகு, “நான் இன்று பூசைக்குப் போகவில்லை” என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கழுதை நேராக ஓடியது. காற்றும் உதவியது. சுருக்கு கழுத்தில் விழுந்தது.

தொத்தோரின் முகம் வெளுத்துப்போனது.

லாயத்துக்குள் றோபேட் அவளைப் பிடித்துக்கொண்டான். “நீ என்ன விளையாட்டு விளையாடுறாய்? மனிசன் கண்டுபிடிச்சா என்ர வேலையும் போம், பேப்பரும் போம்.”

“இப்ப மட்டும் பேப்பர் வந்திட்டுதே? இஞ்சருங்கோ, நீங்கள் ஒண்டும் கதையாதையுங்கோ. குதிரைக்குப் புல்லைப் போடுங்கோ.”

“அதுக்குக் கிட்டப் போகவே பயமாக் கிடக்கு” என்றான் அவன்.

மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு தொத்தோர் நண்பர்களை அழைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர். முக்கியமானவர் அவ்வொக்காத்தோ மங்கனாரோ என்ற சட்டத்தரணி. தொத்தோருடன் பள்ளிக்கூடத்திலிருந்தே போட்டி. அவரும் ஒரு குதிரை வாங்கி ஒளித்து வைத்துப் பழகியிருந்தார். ஆளுக்கு மூன்று வீச்சு, கூடப் பிடித்தவர் வெற்றி என்று பேச்சு. சிஞோராவும் வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மரத்தின் கீழ்க் கதிரையில் இருந்தார். தோற்றால் கயிறு குப்பைக்குப் போகும் என்ற சந்தோசம் அவருடைய முகத்தில் தெரிந்தது.

படிவம் அற்புதமலரின் கைப்பையில் இருந்தது. பேனையும் இருந்தது.

சட்டத்தரணி மூன்று வீச்சில் ஒரு தடவை பிடித்தார். அற்புதமலர் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, சட்டத்தரணியின் உண்மையும் பொய்யும் அவளுடைய வேலை இல்லை.

தொத்தோர் வந்தார். முதல் வீச்சு. ச்சொக். கயிறு வெறுமையாக விழுந்தது. நண்பர்கள் சீழ்க்கை அடித்தார்கள். இரண்டாவது வீச்சு. ச்சொக். குதிரை தாண்டிப் போக, தொப்பி பறந்து சிஞோராவின் காலடியில் விழுந்தது. சிஞோரா அதைக் காலால் கதிரைக்குக் கீழே தள்ளினார்.

தொத்தோர் குதிரையைத் திருப்பி நேரே மதிலுக்கு வந்தார். குனிந்து மெல்லிய குரலில் கேட்டார்: “மிராக்கொலோ, அதற்கு என்ன வேண்டுமாம்?”

“எனக்கு எப்படித் தெரியும், தொத்தோர்? நீங்கள் யாருக்கோ சொன்ன சொல் ஏதோ மிச்சம் இருக்கிறதுபோல.”

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. மனதுக்குள் ஒரு நீளப் பட்டியல் ஓடியிருக்கவேண்டும். பிறகு சட்டென்று, “அந்தக் கடதாசி எங்கே?” என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். சேணத்தின்மேல் விரித்து வைத்து, குதிரை அசைய அசைய, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். சட்டத்தரணி தூரத்திலிருந்து கத்தினார்: “என்ன விர்ஸி, மரணசாசனமா?”

அற்புதமலர் படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். இனி அவள் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் போதும். மூன்றாவது வீச்சுக்குப் படலை திறந்தது. பெப்பினோ அம்புபோல நேராக ஓடியது. குதிரை சரியான தூரத்தில் பின்னால் ஓடியது. தொத்தோர் கயிற்றைச் சுழற்றினார், எறிந்தார்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். கழுதை குனியாவிட்டாலும் தொத்தோருக்கு எறியத் தெரியாது. சுருக்கு பெப்பினோவின் காதை உரசிக்கொண்டு முன்னால் பறந்து, ஓட்டப் பாதையில் வட்டமாக விழுந்தது.

தோற்றுப்போனால் அவர் என்ன நினைப்பார்? கையெழுத்தும் போட்டேன், கழுதை அப்படியும் ஏமாற்றிவிட்டது என்று கடதாசியைத் திருப்பிக் கேட்டால்? யோசிக்க நேரமில்லை. அவள் நாக்கை முழுப்பலத்தோடு கொட்டினாள்.

பெப்பினோ நின்றது. தலையைக் குனிந்தது. நிலத்தில் கிடந்த வட்டத்துக்குள் மூக்கை விட்டு இதழ் தேடியது. ஒன்றும் இல்லை. ஏமாந்து தலையை நிமிர்த்தியபோது சுருக்கு அதன் கழுத்தில் மாலைபோலக் கிடந்தது. பின்னால் வந்த குதிரை, பழக்கியபடியே, கால்களை ஊன்றிச் சட்டென்று நின்றது. கயிறு இறுகியது. நூல் அறுந்தது. தொத்தோர் மட்டும் நிற்காமல் குதிரையின் தலைக்கு மேலால் போய்ப் புல்லில் இருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

“இது செல்லாது!” என்று சட்டத்தரணி துள்ளினார். “கழுதை தானாகப் போட்டுக்கொண்டது!”

“அதுதானே பெருமை!” என்றார் புல்லில் இருந்தபடியே தொத்தோர். “எனக்குக் கழுத்தைத் தானாகவே கொடுத்தது. உனக்குக் கொடுக்குமா?”

ஒன்றுக்கொன்று சமன் என்று முடிந்தது. ஆனால் பின்னேரம் மேசையில் தொத்தோர் மன்னார்க் கழுதை நம்பிக்கையை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். ஒரு பிடி அதிகம் பிடித்தவரைப்போலத்தான் அவர் வீட்டுக்குப் போனார். படிவம் அடுத்த நாள் காலையே குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலக வரிசையில், றோபேட்டின் கையில் இருந்தது.

அற்புதமலருக்கு மனம் மட்டும் குறுகுறுத்தது. தவக்காலம் வேறு. கால்சாவில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில் பெரிய வெள்ளிக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள். கோபம், பொறாமை என்று வழமையானவற்றைச் சொல்லிவிட்டு, “ஒரு கழுதையை வச்சுப் பொய் சொல்லியிருக்கிறன், ஃபாதர்” என்றாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பாதிரியார் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். “விளங்கேல்லை. ஆறுதலாச் சொல்லும் பிள்ளை.”

அவள் சொன்னாள். பாதியில் பாதிரியார் இருமத் தொடங்கினார். இருமல் நீண்டநேரம் நிற்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பேப்பர் குடுத்தாச்சுத்தானே? அப்ப அந்த மனுசனிட்டை உண்மையைச் சொல்லிப்போடும். அதுதான் உமக்குத் தண்டனை” என்றார்.

பாஸ்குத் திங்கள், உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், பலெர்மோ முழுக்க வெளியூருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற நாள். தொத்தோரும் தோட்டத்தில் இருந்தார். அற்புதமலர் அவரை லாயத்துப் பக்கம் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊர் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. எல்லாம் தன் நாக்கு.

தொத்தோர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளுடைய தோளில் தட்டினார். “மிராக்கொலோ, நீ மிகவும் அடக்கமானவள்.”

“இல்லை, தொத்தோர், உண்மை. பாருங்கள்.”

பெப்பினோ வேலியோரம் நின்றது. சித்திரை மாதம், பச்சை அவரைக் காலம். காலையிலிருந்து விருந்தினர்கள் கூடை கூடையாக அவரைக்கோதை அதற்குத் தின்னக் கொடுத்திருந்தார்கள். அற்புதமலர் நாக்கைக் கொட்டினாள். கழுதை அவளைப் பார்த்தது. ச்சொக், ச்சொக். கழுதை கொட்டாவி விட்டது. வாய் காயும்வரை கொட்டினாள். அது திரும்பி நின்று வாலை ஆட்டியது.

“பார்த்தாயா?” என்றார் தொத்தோர் மிகுந்த திருப்தியோடு. “நீ சொல்வது பொய் என்று அதற்குத் தெரிகிறது.”

தன் கிளினிக்கில் அவர் பெப்பினோவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். நோகாது என்று நான் சொன்னால் நோகாது, ஒரு கழுதையே சாட்சி என்று நோயாளிகளுக்குச் சொன்னார். அவர்கள் வாயைத் திறந்திருந்ததால் மறுத்துப் பேசவில்லை.

றோபேட்டின் பெர்மெஸ்ஸோ ஆனிமாதம் வந்தது. வந்த அன்றே அவன் குதிரையைவிட்டு விலகுவதாகச் சொன்னான். தொத்தோர் கவலைப்பட்டார். அற்புதமலர், அந்த வேலையைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள்; சட்டத்தரணியும் அதற்குள் இரண்டு கழுதைகள் வாங்கி, பழக்கித் தரச்சொல்லி அவளைக் கேட்டிருந்தார். லிபெர்த்தா வீட்டுக்கு யார் என்று சிஞோரா கேட்க, அவள் புருஷனைக் கைகாட்டினாள்.

இப்போது காலையில் அவள் மலைக்குப் பஸ் ஏறுகிறாள். றோபேட் சிஞோராவின் வரவேற்பறையைத் துடைக்கிறான். கதிரைகள் அசையாமல் நிற்கின்றன என்பதே அவனுக்குப் பெரிய நிம்மதி.